வைத்த கல்லை எடுக்காதவர்

“நான் வச்ச கல்ல நானே எடுக்கிற நாள்னு ஒன்னு வந்தா, அன்னிக்கு சூரியன் லீவு போட்டுடுச்சுன்னு அர்த்தம்.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் பாதி கட்டி முடித்த ஒரு வீட்டின் வாசல். நேரம், டீ நேரம். கேட்டவர்கள் இரண்டு கொத்தனார்கள், ஒரு பெயிண்டர், ஓர் எலக்ட்ரீஷியன், தண்ணீர் லாரி ஓட்டி வந்தவர் ஆகிய ஐவர். லாரிக்காரருக்கு அவசரம், பாதி வாக்கியத்தில் கிளம்பிவிட்டார். ஆகவே சரித்திரத்துக்குச் சாட்சி நான்கு பேர்தான்.

சொன்னவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அப்போது வயது முப்பத்து மூன்று. தொழில் வட்டாரத்தில் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று காட்ட, உள்ளே ஒரு குமிழி ஓடும் சின்னக் கருவி அது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்ததால் அதன் பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது. மகள் பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த மூன்று மணி நேரமும் அதை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து “பொண்ணு பொறந்திருக்கு” என்றபோது, “ரொம்ப சந்தோஷம்மா. இந்த வராந்தா தெக்கால சாயுது” என்றார். நர்ஸ் அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை.

பிரகடனத்துக்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்காக அவர் வைத்த கல்லெல்லாம் சரியாக அமைந்தது என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டில் படுக்கையறைக் கதவு புதுத் தரையில் உரசியது. “கல்லு சரியாத்தான் இருக்கு, கதவுதான் நீளமா வளந்துடுச்சு” என்று சொல்லி, தச்சரை வரவழைத்துக் கதவின் அடியைச் சீவ வைத்தார். இன்னொரு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஓட்டையை நோக்கிப் போகாமல் எதிர்ச்சுவரை நோக்கிப் போனது. அங்கே ஓட்டையை இடம் மாற்றினார்கள். கல் மட்டும் அசையவில்லை.

சொந்த வீட்டிலும் ஒன்று இருந்தது. வாசல் கதவையொட்டி மூன்றாவது கல். அதற்கு அடியில் சிமென்ட் சரியாக நிரம்பவில்லை. காலை வைத்தால் ‘டொக்’ என்று வெறும் டப்பா மாதிரி சத்தம் வரும். இதற்குத் தொழில்காரர்கள் பொள்ளல் என்பார்கள். மனைவி முதல் நாளே சொன்னாள். “அது கல்லோட சத்தம் இல்ல, கதவோட சத்தம்” என்று தீர்ப்புச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து அவள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வெளியே போகிறாள், உள்ளே வருகிறாள். மகள் நடக்கப் பழகியபோதே அதைத் தாண்டப் பழகினாள். விருந்தாளிகள் மட்டும் மிதிப்பார்கள்.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. பிரகடனம் அப்படியே நிற்கிறது, முட்டிதான் நிற்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனிதர் மண்டியிட்டே சம்பாதித்தால் முட்டிக்கும் ஒரு கருத்து உருவாகிவிடும். வலது முட்டி இரண்டு வருஷம் முன்பு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இடது முட்டி ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆதரவு தெரிவித்தது. காலையில் கட்டிலை விட்டு எழ, கட்டில் சட்டம், ஜன்னல் கம்பி, பீரோ கைப்பிடி மூன்றையும் முறையாகப் பிடித்தாக வேண்டும். வேலையிடத்தில் பழைய தலையணையை இரண்டாக வெட்டி முட்டிக்குக் கட்டிக்கொண்டார். யாராவது கேட்டால், “கல்லு கீறக் கூடாதுல்ல, அதுக்கு” என்பார்.

அந்த வீட்டில் களைப்பு அவர் ஒருவருடைய தனிச்சொத்து என்று சொல்லிவிட முடியாது. மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. காலை முதல் மாலை வரை நின்றபடி துணியை விரித்துக் காட்டி, யாருக்கும் பிடிக்காமல் போன பிறகு மடித்துவைப்பாள். மாடி அறையில் குடியிருக்கும் அவளுடைய தம்பி பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் எட்டு மணி நேரம் நின்று நின்று, வீட்டுத் தரையில் நிற்கும்போதும் லேசாக ஆடுவான். மகள் ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்டரில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்றபடியே மைக்கில் எண்களைக் கூப்பிட்டுவிட்டு வருவதால் வீட்டில் தலையாட்டல்தான் அதிகம். ஆக, நான்கு பேர், எட்டுக் கால்கள், நோகாதது ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மூலையில் நான்கு பேர் விழுந்து கிடப்பார்கள். ஒரு குடும்பம் அங்கே வாழ்கிறது என்பதற்குக் குறட்டையைத் தவிர வேறு அத்தாட்சி இருக்காது.

இந்த அமைதியைக் கெடுத்தவள் மகள். கூட வேலை பார்த்தவள் வேலையை விட்டுப் போகும்போது மேஜையைக் காலி செய்து, ஆளுக்கொரு பொருளைக் கொடுத்திருக்கிறாள். இவளுக்கு வந்தது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பலகை, ஒரு துணிப்பை நிறையச் சதுர அட்டைகள், நான்கு சிவப்புப் பொத்தான்கள்.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாரும் விளையாடுறோம்” என்றாள்.

“வாரம் பூரா நின்னுட்டு, ஒருநாள் கெடைச்சா அதுலயும் வெளையாட்டா?” என்றாள் அம்மா.

“உக்காந்துதாம்மா விளையாடணும். நிக்கவே வேண்டாம்.”

அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு நால்வரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டம் சிக்கலானதல்ல. பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். நடுக்கட்டத்தில் ஒரு குளம். நான்கு பக்கத்துக்கு நான்கு பேர். அவரவர் ஓரத்திலிருந்து குளம் வரைக்கும் பாதை போட வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தார். முறை வரும்போது பைக்குள் கைவிட்டு, பார்க்காமல் ஓர் அட்டை எடுக்க வேண்டும். நேர்ப்பாதை வரலாம், வளைவு வரலாம், முட்டுச்சந்தும் வரலாம். பாதைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி வைக்கலாம். முட்டுச்சந்தை அடுத்தவர் வழியில் வைத்து அவரை மறிக்கலாம். வைக்க இடமில்லாவிட்டால் முன்னால் வைத்துக்கொண்டு, இடம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். வைத்தது வைத்ததுதான், ஆனால் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, தன் முறையில் அட்டை எடுப்பதற்குப் பதிலாகச் சிவப்புப் பொத்தானைக் கொடுத்துவிட்டுத் தான் வைத்த ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

“இது என்ன கேவலமான சட்டம்? வச்ச கல்ல எடுக்கிறதா?” என்று கேட்டார் ரசமட்டம். அட்டை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள்; முதல் நாளே அது கல் ஆகிவிட்டது.

உலகத்தில் கல் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இந்த ஆட்டத்தில் அடித்து நொறுக்குவார் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். பதினான்கு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து தோற்றார். வாசலையொட்டிய கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துதான் ஆடுவேன் என்றார். ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பழைய செய்தித்தாளை மடித்து மடித்து அடியில் கொடுப்பார். ஆட்டம் தொடங்கவே கால் மணி நேரம் ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தீக்குச்சி அளவு இடைவெளி விடுவார். “வெயில்ல விரியும்ல” என்பார். கொஞ்சம் வெளுத்த அட்டைக்குப் பக்கத்தில் அடர்த்தியான அட்டையை வைக்க மாட்டார். வழி திறந்திருந்தாலும், “இங்க வச்சா பாக்க நல்லா இருக்காது” என்று வேறு பக்கம் போவார். வைத்த ஒவ்வொன்றையும் நடுவிரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். பலகையில் அவருடைய பாதைதான் அழகாக இருக்கும். குளம் வரைக்கும் போகாது, அவ்வளவுதான். ஒரு கலை மட்டும் கைவந்திருந்தது. அட்டையில் பாதைக்கோடு லேசாகப் பள்ளமாக இருக்கும். பைக்குள் விரல் விட்டவுடனே அது நேரா வளைவா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

“மாமா, பைக்குள்ள தடவாதீங்க. கைய விட்டமா, எடுத்தமான்னு இருக்கணும்” என்பான் கண்டக்டர்.

“முப்பது வருஷமா தடவுன விரலுப்பா. நான் சொல்லியா கேக்கப் போகுது?”

மற்ற மூவரின் சிவப்புப் பொத்தான்களும் கைபட்டுக் கைபட்டு நிறம் மங்கிவிட்டன. அவருடையது பெட்டியிலிருந்து வந்த மாதிரியே பளபளத்தது.

ஜெயித்தவர் சொல் அந்த வாரம் முழுக்க வீட்டில் செல்லும் என்பது கண்டக்டர் கொண்டுவந்த வழக்கம். அவன் ஜெயித்தபோது, விடுமுறை நாளில் பத்து மணிக்கு முன் தன்னை யாரும் எழுப்பக் கூடாது என்றான். மனைவி ஜெயித்தபோது, யார் வீட்டுக்குப் போனாலும் ‘சாயுது’ என்ற சொல்லைக் கணவர் ஒரு வாரத்துக்கு வாயில் எடுக்கக் கூடாது என்றாள். அந்த வாரம் அவர் பேசியதே குறைவு.

பதினைந்தாவது ஞாயிறு, பலகைக்குச் செய்தித்தாள் கொடுத்து முடித்தவுடன், மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

“அப்பா, இன்னிக்கு நான் ஜெயிச்சா நீங்க நாளைக்குக் காலைல முட்டி டாக்டர்கிட்ட வர்றீங்க. டோக்கன் போட்டாச்சு. பதினேழு.”

இது ஐந்தாவது டோக்கன். முந்தைய நான்கு தடவையும் அவருக்கு அன்று பார்த்து அவசர வேலை வந்திருந்தது. நான்கு தடவையும் மகள் தன் கவுண்டரிலிருந்து, தன் அப்பாவின் எண்ணை விதிப்படி மூன்று முறை மைக்கில் கூப்பிட்டு, வரிசையில் யாரும் எழாததைப் பார்த்து, அடுத்த எண்ணுக்குப் போயிருக்கிறாள். இதை அவள் வீட்டில் சொன்னதில்லை. சொன்னது அவள் குரல். அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கட்டியிருக்கும்.

ரசமட்டத்துக்கு டாக்டரிடம் பயமில்லை. டாக்டர் சொல்லப்போகும் ஒரே வாக்கியத்திடம்தான் பயம். இனிமேல் மண்டி போடாதீங்க. மண்டி போட முடியாத டைல்ஸ்காரர் என்பவர் உட்கார முடியாத லாரி டிரைவர் மாதிரி. அவரை எங்கே வைப்பது?

“நான் ஜெயிச்சா?” என்று கேட்டார்.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். பதினான்கு வாரத்தில் எழாத கேள்வி அது.

“நான் ஜெயிச்சா, இந்த வீட்ல ஒரு வருஷத்துக்கு யாரும் முட்டின்னு வாயத் தொறக்கக் கூடாது.”

“ஒரு வாரத்துக்குத்தான் மாமா செல்லும்” என்றான் கண்டக்டர்.

“அப்பாவுக்கு வருஷப் பாஸ் குடுத்துடுங்க மாமா” என்றாள் மகள், அப்பாவைப் பார்த்தபடியே. “குடுக்கலாம். பரவால்ல.”

அன்று ரசமட்டம் ஆடிய ஆட்டம் வேறு. தீக்குச்சி இடைவெளி இல்லை. வெளுத்ததும் அடர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அவர் பாதை கோணல்மாணலாக, பார்க்கச் சகிக்காமல், ஆனால் குளத்தை நோக்கி ஓடியது. எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

“ஏங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?” என்றாள் மனைவி.

“ஆடுறேன்ல, ஆட விடு.”

மகளும் விடவில்லை. குளத்துக்கு அவளுக்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி. அப்போது அவருக்கு முட்டுச்சந்து வந்தது. சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் வழியில், அந்தக் கட்டத்தில் அதை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

“என்ன மாமா, சொந்தப் பொண்ணு வாசல்லயே சுவர் எழுப்பிட்டீங்க?” என்றான் கண்டக்டர்.

மகள் பைக்குள் கைவிட்டாள். அவள் எடுத்தது வளைவு. அந்தக் கட்டத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரியான வளைவு. வைக்க இடமில்லை. முன்னால் வைத்துக்கொண்டாள். ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றும் போனது. இப்போது ரசமட்டத்துக்கும் ஒரே கட்டம்தான் பாக்கி. ஒரு நேர்ப்பாதை கிடைத்தால் போதும், வருஷப் பாஸ்.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது. போன வாரம் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார்.

“நான் போறேன்” என்றார் ரசமட்டம். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். இன்னொரு கையையும் ஊன்றினார். இடுப்பு மட்டும் மேலே போயிற்று. அதற்குமேல் எதுவும் போகவில்லை. வாசல் கதவைப் பார்த்தபடி, நான்கு காலில், அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை முளைத்தது. கதவு மறுபடியும் தட்டப்பட்டது.

“என்னங்க, அந்தக் கல்லுல சத்தம் மாறுதா?” என்றாள் மனைவி, சாவகாசமாக. “நானும் நெனச்சேன். தட்டிப் பாருங்க, இருங்க. நான் கதவத் தொறக்கிறேன்.”

அவர் கைக்கு எதிரே இருந்தது அந்த மூன்றாவது கல். விரலை மடக்கித் தட்டினார். டொக்.

“ஆமா” என்றார். “பொள்ளல்தான்.”

பத்தொன்பது வருஷம் மறுத்ததை ஒரு நொடியில் ஒப்புக்கொண்டார். முட்டியை ஒப்புக்கொள்வதற்கு இது தேவலை. மனைவி அவரைத் தாண்டி, கல்லையும் தாண்டி, போய்க் கதவைத் திறந்தாள். சாயங்கால வெயில் தரை நீளத்துக்கும் விழுந்தது. சூரியன் லீவு எதுவும் போடாமல், வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தது. “என்ன அண்ணே, ஞாயித்துக்கெழமையும் வேலையா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அவருக்கு எங்க லீவு?” என்று சொல்லி ஏணியை வாங்கிக்கொண்டு, “வாங்க போங்க” எல்லாம் பேசி, அவரை அனுப்பிவைத்தாள். அதுவரை கண்டக்டர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். மகள் துணிப்பையின் நாடாவைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள்.

மனைவி எவ்வளவு லாகவமாகச் சொல்லிவிட்டாள் என்று ரசமட்டம் யோசித்தார். இவ்வளவு லாகவம் ஒரு நாளில் வராது. தொழில் பழக வேண்டும். எழுந்திருக்கப் பிடிமானம் தேடிக் கை பக்கவாட்டில் போனபோது, அங்கே ஒரு முக்காலி இருந்தது. சரியாகக் கை எட்டும் தூரத்தில். குளியலறை வாசலில் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. செருப்பு விடும் இடத்தில் இன்னொன்று. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்று. பூந்தொட்டி வைக்க வாங்கியதாக அவள் சொன்னாள், அவரும் நம்பியிருந்தார். அந்த வீட்டில் பூந்தொட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு முக்காலிக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரத்தை மனதுக்குள் அளந்து பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. நூல் பிடித்து வைத்த மாதிரி. அவரே வைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. ஒரு வீடு முழுக்க அவருக்காக வேலை நடந்து முடிந்திருக்கிறது. தரையைத் தவிர எதையும் பார்க்காதவர் அதைக் கவனிக்கவில்லை.

முக்காலியைப் பிடித்துத் திரும்பி, பழைய இடத்தில் உட்கார்ந்தார். உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“உங்க முறைப்பா” என்றாள் மகள். குரல் பாதிதான் வந்தது.

பைக்குள் கைவிட்டார். முதலில் விரலில் பட்டதே நேர்ப்பாதை. ஓரத்திலிருந்து ஓரம் வரை வளையாமல் நெளியாமல் ஓடும் பள்ளம். சந்தேகத்துக்கே இடமில்லை. அதை ஒருமுறை தடவினார். இன்னொரு முறையும் தடவினார்.

“தடவாதீங்க மாமா” என்றான் கண்டக்டர், பழக்கதோஷத்தில்.

கை வெறுங்கையாக வெளியே வந்தது.

“என்ன மாமா, ஒன்னுமே எடுக்கல? கைய விட்டா எடுக்கணும்ல?”

“சும்மா இருடா” என்றாள் அவன் அக்கா.

ரசமட்டம் தன் முன்னால் பளபளத்துக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானை ஒரு விரலால் நகர்த்திப் பலகையின் நடுவே கொண்டுபோய் வைத்தார். மகளின் கட்டத்தில் இருந்த முட்டுச்சந்தை விரல் மடக்கித் தட்டினார். அட்டைதானே, பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. ஆனாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார்.

“இது சரியா உக்காரல” என்றார்.

பிறகு இரண்டு நகங்களைக் கொடுத்து, பக்கத்துக் கல் எதுவும் அசையாதபடி, மெதுவாக அதை நெம்பி எடுத்தார்.